மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஒரு புற்றுநோய் ஆராய்ச்சியாளரை எடை போடலாமா?

ஆகஸ்ட் 11, 2024 (வாசகர் ஒருவர் கேட்டது)

எம்.ஐ.டி.யின் மூலக்கூறு உயிரியலாளர் ராபர்ட் வைன்பெர்க். புற்றுநோய் பற்றி எதைத் தேடினாலும் இவர் பெயர்தான் வந்து நிற்கிறது. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கிளறிப் பார்த்தால், அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை 2000-ல் டக்ளஸ் ஹனஹானோடு சேர்ந்து எழுதிய ஒரு மதிப்புரைக் கட்டுரையும் (மற்றவர்கள் கண்டதைத் தொகுத்துச் சொல்வது), 2011-ல் அதற்கு எழுதிய தொடர்ச்சியும். புதுப் பரிசோதனை ஒன்றுகூட அவற்றில் இல்லை. இத்தனை வருஷம் லேப் நடத்தி, பரிசெல்லாம் வாங்கி, கடைசியில் எந்த நோயாளிக்கு என்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

இதில் ரெண்டு கேள்வி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது என்பது ஒன்று. லேபில் கண்டது நோயாளிவரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் வைன்பெர்க் சரியான ஆள். அவருடைய பெரிய வேலை எதுவோ, அது அந்தப் பட்டியலின் உச்சியில் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன். செல் வளர்ப்பு லேபில் சில காலம் குப்பை கொட்டியவன் நான், இப்போது வேறு பிழைப்பு. பழைய எரிச்சல் கொஞ்சம் கலந்துதான் வரும்.

ஆகஸ்ட் 12

1970-களின் நடுவில் நிலவரம் இது. கோழிக்கும் எலிக்கும் சில வைரஸ்கள் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரியும். அந்த வைரஸ் சுமக்கிற மரபணு, வைரஸே படாத கோழியின் செல்லிலும் இருக்கிறது என்று 1976-ல் ஆராய்ச்சியாளர்கள் பிஷப்பும் வார்மஸும் காட்டிவிட்டார்கள். ஆனால் மனிதக் கட்டிகளைத் துழாவினால் பெரும்பாலும் வைரஸ் அகப்படவில்லை. அப்படியானால் கோளாறு கட்டியின் சொந்த டிஎன்ஏவிலேயே இருக்கிறதா? யாரிடம் போய்க் கேட்பது?

டிஎன்ஏவிடமே கேட்பது என்பதுதான் வைன்பெர்க் லேபின் வழி. கட்டிச் செல்லிலிருந்து மொத்த டிஎன்ஏவையும் உரித்தெடுத்து, ஒழுங்காக இருக்கிற செல்லுக்குள் போடு. அந்தச் செல் கெட்டுப்போகிறதா பார். கேட்க எளிதாக இருக்கிறது. எந்த மரபணு என்று தெரியாது, எத்தனை என்றும் தெரியாது. இருப்பது ஒன்றே ஒன்றானாலும் அது உடையாமல் முழுசாக உள்ளே போக வேண்டும். நடக்காது என்று சொன்னவர்கள் அன்றைக்கு நிறைய இருந்திருப்பார்கள், நானும் சொல்லியிருப்பேன்.

1979-ல் அவருடைய மாணவர் சியாஹோ ஷி செய்து காட்டினார். ரசாயனம் தடவிப் புற்றாக மாற்றிய எலிச் செல்லின் டிஎன்ஏ. வைரஸ் வாசனையே கிடையாது. அதைக் கால்சியம் பாஸ்பேட்டோடு கலந்தால் பொடிப் பொடியாக வெள்ளையாகப் படியும். அந்தப் பொடி 3டி3 என்கிற எலிச் செல்களின் மேல் உட்காரும், கொஞ்சம் உள்ளேயும் போகும். 3டி3 செல் ஒழுக்கமானது. தட்டின் அடியில் ஒரே அடுக்காகப் பரவி, பக்கத்துச் செல் முட்டியதும் நின்றுவிடும். ஏதாவது ஒரு செல் நிற்க மறுத்தால் ரெண்டு மூணு வாரத்தில் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்துவிடும். அந்தக் குவியலுக்குத்தான் ஃபோகஸ் என்று பெயர். அதை எண்ண வேண்டும். பரிசோதனை அவ்வளவுதான்.

நானும் இந்த ஃபோகஸ் எண்ணுகிற வேலை செய்திருக்கிறேன், வேறொரு மரபணுவுக்காக. கட்டுரையில் 'ஃபோகஸ்கள் எண்ணப்பட்டன' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நேரில் பார்த்தால், தட்டைக் கவிழ்க்காமல் விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, இது குவியலா, மீடியம் (செல் வளரும் திரவம்) மாற்றும்போது பைப்பெட் நுனி கீறிச் செல்கள் சுருண்ட இடமா என்று முறைத்துக்கொண்டிருப்பீர்கள். மைக்ராஸ்கோப்பின் கீழே நல்ல ஃபோகஸ் தப்பாது. செல்கள் மெலிந்து, நீண்டு, பளபளவென்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். சந்தேகக் கேஸ்கள்தான் உயிரை எடுக்கும். சீரம் பாட்டில் மாறினால் போதும், ஒன்றுமே போடாத கன்ட்ரோல் தட்டில்கூட ஃபோகஸ் வந்து சிரிக்கும். செல்களை நெருக்கமாக வளரவிட்டாலும் அதே கதி. திங்கட்கிழமை ஸ்ப்ளிட் பண்ண (பிரித்து வேறு தட்டுகளுக்கு மாற்ற) வேண்டியதைப் புதன்வரை விட்டால் அந்தச் செல்லை மொத்தமாகக் கொட்டிவிட்டு ஃப்ரீசரிலிருந்து புதுசு எடுக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட செல்லை நம்பி 1979-ல் 'இது டிஎன்ஏ செய்த வேலை' என்று சொல்வதற்கு எத்தனை கன்ட்ரோல் தட்டு எண்ணியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் வலிக்கிறது.

ஆகஸ்ட் 12, கொஞ்ச நேரம் கழித்து

எலிச் செல்லுக்குள் போன மனித மரபணுவை எப்படித் தேடிப்பிடித்தார்கள் என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான்.

மனித மரபணுத்தொகுதியில் ஆலு என்று ஒரு சின்னத் துண்டு பத்து லட்சம் முறைக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. எந்த மரபணுவை எடுத்தாலும் உள்ளேயோ பக்கத்திலேயோ ஒன்றாவது இருக்கும். எலியில் அதே வடிவில் அது கிடையாது. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றின் டிஎன்ஏவை எலிச் செல்லில் போட்டு, வந்த ஃபோகஸிலிருந்து டிஎன்ஏ எடுத்து மறுபடி புது எலிச் செல்லில் போட்டால், ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத மனித டிஎன்ஏ எல்லாம் கழிந்துவிடும். ரெண்டாவது சுற்றிலும் செல் புற்றாகிறது என்றால், எலிக் கடலில் மிஞ்சியிருக்கிற மனிதத் துண்டுதான் குற்றவாளி. ஆலுவை வைத்துத் தேடினால் அது மாட்டும். மாட்டியது.

1982-ல் மூன்று லேப்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைச் செய்து முடித்தன. வைன்பெர்க், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மரியானோ பார்பாசித், கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் மைக்கேல் விக்லர். விக்லர் ஆலுவை நம்பவில்லை, வேறு அடையாளக் குறி ஒட்டினார். கிடைத்த மரபணு புதுசல்ல. ஹார்வி எலி சார்கோமா வைரஸ் சுமந்துகொண்டு திரிந்த அதே ராஸ். நம் எல்லார் செல்லிலும் இருக்கிற நல்ல ராஸுக்கும் இதற்கும் வித்தியாசம் ஓர் எழுத்து. ஜி இருந்த இடத்தில் டி. புரதத்தின் 12-வது இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின். முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று.

ஆகஸ்ட் 13

மூன்று லேப் தனித்தனியாகச் செய்து ஒரே விடை, அதனால் ஐயமே இல்லை என்று ஒருவர் கைதட்டியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். வைன்பெர்க் லேப் எடுத்தது ஈஜே என்ற செல் வரிசை. மற்ற இருவரும் டி24. ரெண்டும் வேறு வேறு நோயாளியின் சிறுநீர்ப்பைப் புற்று என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1983-ல் ஈஜே என்பதே டி24-தான், எங்கேயோ எப்போதோ கலந்துவிட்டது என்று தெரிந்தது. மூன்று லேப்பும் ஒரே மனிதரின் கட்டியைத்தான் மூன்று பக்கமிருந்து கிண்டியிருக்கிறார்கள்.

முடிவு தப்பவில்லை. வேறு கட்டிகளிலும் ராஸ் பிறழ்வு வரிசையாகக் கிடைத்தது. ஆனால் செல் பாட்டில்மேல் ஒட்டின லேபிளை நம்பாதே என்று லேபில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது. நான் இருந்த லேபில் அந்த லேபிள்கூட மார்க்கர் அழிந்து பாதிதான் தெரியும்.

ஆகஸ்ட் 15

'ஒரே எழுத்து மாறினால் புற்றுநோய் என்றால் நமக்கெல்லாம் எப்போதோ வந்திருக்க வேண்டுமே?' என்று மேலே கேட்டவர், 1983-ல் இதே லேப் கேட்டதைத்தான் கேட்கிறார்.

3டி3 செல் ஒழுக்கமானது என்று சொன்னேன், ஆனால் அது பாதி கெட்டுப்போன ஒழுக்கம். அந்தச் செல்லுக்கு ஏற்கெனவே சாவு கிடையாது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பிரிந்துகொண்டே இருக்கும். மீதிப் பாதியைத்தான் ராஸ் கெடுத்தது. கருவிலிருந்து அப்போதுதான் எடுத்த எலிச் செல்லில் அதே ராஸைப் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. கூடவே மிக் என்ற இன்னொரு மரபணுவையும் போட்டால்தான் செல் மாறுகிறது. ஹார்ட்முட் லேண்ட், லூயிஸ் பராடா, வைன்பெர்க் மூவரும் நேச்சர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை, 1983. ஒரு வருஷம் முன்னால் தங்களுக்கே பேர் வாங்கித் தந்த 'ஒரு மரபணு, ஒரு எழுத்து' கதையின் காற்றைத் தாங்களே பிடுங்கிவிட்டார்கள். நான் மதிப்பது இந்தக் கட்டுரையைத்தான்.

மனிதச் செல் இன்னும் பிடிவாதம். அதைத் தெரிந்த மரபணுக்களை மட்டும் வைத்துப் புற்றாக்க 1999 ஆயிற்று. செல்லுக்குச் சாவில்லாமல் பண்ண டெலோமரேஸ், காவலாளிகள் இருவரை ஒரே நேரத்தில் முடக்க ஒரு குரங்கு வைரஸின் புரதம், அதற்கு மேல் ராஸ். 1979-லிருந்து 1999 வரை இருபது வருஷம், ஒரே கேள்விதான்: எத்தனை பூட்டு உடைய வேண்டும்?

ஆகஸ்ட் 16

அந்தக் 'காவலாளிகள் இருவர்' ஆர்பியும் பி53-உம். ஆர்பி பற்றிப் பின்னால் எழுதணும், மறந்தால் நினைவுபடுத்துங்கள். பி53 தனிக் கூத்து. 1979-ல் கண்டுபிடித்து, பத்து வருஷம் அதைப் புற்றுநோய் உண்டாக்குகிற மரபணு என்றே நம்பினார்கள். ஏனென்றால் லேப்களில் சுற்றிக்கொண்டிருந்த பிரதிகள் பிறழ்ந்தவை. 1989-ல்தான் அது காவலாளி என்று தெரிந்தது. அந்தப் பத்து வருஷக் கட்டுரைகளுக்கும் மேற்கோள் எண்ணிக்கை உண்டு, கணக்கில் அவையும் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகஸ்ட் 21

இப்போது எண்களுக்கு வருவோம். 2000-ம் ஆண்டு ஜனவரியில் 'செல்' (Cell) என்ற ஆய்விதழில் வந்தது அந்த மதிப்புரை. 14 பக்கம். புற்றுச் செல் பெறுகிற ஆறு திறன்களைச் சொல்கிறது: வெளியிலிருந்து கட்டளை வராமலே வளர்வது, நில் என்றால் நிற்காதது, தற்கொலைக் கட்டளைக்கு டிமிக்கி கொடுப்பது, முடிவில்லாமல் பிரிவது, ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் வளரவைப்பது, பக்கத்துத் திசுவுக்குள் புகுந்து பரவுவது. 2011-ல் ஆற்றல் மாற்றமும் எதிர்ப்பு மண்டலத்திடமிருந்து தப்புவதும் சேர்ந்தன. 2022-ல் ஹனஹான் தனியாக இன்னும் நாலைச் சேர்த்தார்.

ஏன் இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள்? நான் கட்டுரை எழுதிய காலத்தில் முதல் பத்தியின் முதல் வரி, 'புற்றுநோய் என்பது பல படிகளில் உருவாகும் நோய்.' இதற்கு ஓர் அடிக்குறிப்பு வைக்க வேண்டும். எதை வைப்பது? ஆறு திறன் கட்டுரைதான், வேறென்ன. அதைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், முந்தின கட்டுரையிலிருந்து அப்படியே ஒட்டலாம். இறுதிச் சடங்குக்குப் போனால் மாலை வைப்பது மாதிரி, வைக்காவிட்டால்தான் யாராவது கேட்பார்கள்.

ஆனால் 1979 கட்டுரையை இன்று யார் மேற்கோள் காட்டுவார்கள்? 'மரபணுப் பிறழ்வால் புற்றுநோய் வருகிறது' என்ற வரிக்கு ஆதாரம் வைத்தால் கட்டுரையைச் சரிபார்க்கிற ரெஃபரியே சிரிப்பார். எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் இதற்குத் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவில் கரையக் கரைய, கண்டுபிடித்தவரின் பெயர் அடிக்குறிப்பிலிருந்து உதிர்ந்துபோகும் என்கிறார். அதாவது முழுசாக ஜெயித்த வேலைக்கு மேற்கோள் குறைய ஆரம்பிக்கும்.

2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இன்டெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பது கட்டுரைக்குத் தலா நாற்பது மேற்கோளாவது இருந்தால் உங்கள் எண் நாற்பது. நான் போன நேர்காணல் ஒன்றில் குழுவினர் மேசையில் என் கட்டுரை எதுவும் இல்லை, இந்த எண் மட்டும் ஒரு காகிதத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, எல்லா இடமும் அப்படித்தான். இதை எதிர்த்து 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உயிரியலாளர்கள் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். கட்டுரை வந்த இதழின் சராசரி மேற்கோள் எண்ணை வைத்து ஆளை எடை போடாதே என்று. நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பென்சில் காகிதம் போகவில்லை.

ஆகஸ்ட் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் அந்த மதிப்புரை வெத்து வேட்டா?' என்று ஒரு மருத்துவ மாணவர் கேட்கிறார். இல்லை. இன்னொரு தடவை யோசித்தால், அது செய்த வேலை வேறு ரகம். அதற்கு முன் நூறு வகைப் புற்று, நூறு தனிக் கதை. அது வந்த பிறகு நுரையீரல்காரரும் ரத்தப் புற்றுக்காரரும் ஒரே சொல்லை வைத்துச் சண்டை போட முடிந்தது. அதுவும் பங்களிப்புதான். வைன்பெர்க்கின் பாடநூலையும் அதே கணக்கில் சேர்க்கலாம்.

ஆனால் அந்த மதிப்புரையைப் படிப்பதற்கு முன் உயிரியலாளர் யூரி லாசெப்னிக் 2010-ல் எழுதிய சின்ன விமர்சனத்தைப் படியுங்கள். ஆறு திறன்களில் ஐந்து, தீங்கில்லாத சாதாரணக் கட்டிகளிலும் இருக்கிறதே, பிறகு அவை எப்படிப் புற்றின் அடையாளம் ஆகும் என்று கேட்டார். ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆறாவது, அதாவது பரவல். ஆராய்ச்சியோ மற்ற ஐந்தின் பின்னால் ஓடுகிறது. கூர்மையான அடி. இதற்கு முழுப் பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 22, மறுபடி

வைன்பெர்க்கே பின்னாளில் பரவல் பக்கம்தான் போனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒட்டி உட்கார்ந்திருக்கிற செல் கட்டவிழ்த்துக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும்போது தண்டுச் செல்லின் குணங்களும் வந்து சேருகின்றன என்று 2008-ல் அவர் லேபிலிருந்து வந்த கட்டுரை பெரிய அலை. முதல் ஆசிரியர் செந்துறை மணி.

செப்டம்பர் 1

பரிசு பற்றி யாரோ இழுத்திருக்கிறார்கள். 1989 நோபல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் போயிற்று. வைன்பெர்க்குக்கு 1997-ல் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம், 2004-ல் உல்ஃப் பரிசு, 2013-ல் முதல் பிரேக்த்ரூ பரிசு பெற்றவர்களில் ஒருவர், 30 லட்சம் டாலர். அதோடு விட்டுவிடுவோம். பரிசு விவாதம் ஆரம்பித்தால் இழை இருநூறு பதிவுக்குப் போகும்.

செப்டம்பர் 3

'எந்த நோயாளிக்கு என்ன லாபம்' என்ற மூலக் கேள்வி. ஹெர்-2 கதையைச் சொல்கிறேன்.

எலிகளுக்கு ஒரு ரசாயனத்தால் வரவழைத்த நரம்புக் கட்டியிலிருந்து வைன்பெர்க் லேப் ஒரு மரபணுவைப் பிடித்தது. பெயர் நியூ. ராஸ் மாதிரி செல்லின் உள்ளே ஒளிந்திருப்பதல்ல, செல்லின் தோலிலேயே தலை நீட்டிக்கொண்டிருக்கிற புரதம். மருந்துக்காரர் கண்ணில் பட்டால் எச்சில் ஊறும் இடம். மார்க் கிரீன் லேபில் ஜெஃப்ரி ட்ரெபின் அதற்கு எதிராக ஓர் ஆன்டிபாடி (அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு புரதம்) செய்தார். அதை ஊற்றினால் கெட்ட செல் மறுபடி ஒழுங்காகிறது. செல் இதழ், 1985. ஆசிரியர் பட்டியலில் வைன்பெர்க்கும் உண்டு. அவர் லேபின் அடுத்த கேள்வி மருந்து பற்றியதல்ல, மரபணுவில் என்ன மாறியது என்பதுதான். 1986-ல் கோரி பார்க்மன் அதற்கு விடை சொன்னார். மறுபடியும் ஒரே எழுத்து.

மருந்துப் பாதையில் வேறு ஆட்கள் நடந்தார்கள். நியூவின் மனித வடிவம்தான் ஹெர்-2. அதை ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிக் குழு எடுத்தது. டென்னிஸ் ஸ்லாமன் 189 மார்பகக் கட்டிகளைப் பார்த்து, ஏறக்குறைய 30 சதவீதத்தில் அந்த மரபணு பிரதி மேல் பிரதியாகப் பெருகியிருக்கிறது என்று 1987-ல் எழுதினார். கவனியுங்கள், எலியில் எழுத்துப் பிழை, மனிதரில் பிரதிப் பெருக்கம். எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது. 1998-ல் ஹெர்-2-வைக் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்தான டிராஸ்டுசுமாப் அனுமதி பெற்றது. அந்த மருந்தால் இன்று உயிரோடு இருக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் நியூ என்ற எலி மரபணுவைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

கையில் வெண்ணெய் இருந்தும் நெய்யை வேறு யாரோ உருக்கினார்கள் என்று வைன்பெர்க்கைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடு. 1985-லேயே மனிதக் கட்டிகளை வரிசையாகச் சோதித்திருக்கலாமே என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனால் லேபில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மரபணு பிடிக்கிற கைக்கு மருந்து செய்கிற பொறுமை வாய்ப்பதில்லை. ஒரே ஆள் ரெண்டையும் செய்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 4

ராஸுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? மருந்து வர 39 வருஷம். ராஸ் தன் எரிபொருளான ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறை அப்படி ஒரு பிடி பிடித்திருக்கும், அதைத் தள்ளிவிட்டு மருந்து உட்கார இடமே கிடையாது. மேல்பரப்பும் வழவழ. மருந்துக்கு மசியாத புரதம் என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். 2013-ல் கெவன் ஷோகாட் லேப், ராஸ் குடும்பத்தின் இன்னொரு மரபணுவான கே-ராஸில் 12-வது இடத்தில் சிஸ்டீன் வந்த வகையில் அந்தச் சிஸ்டீனையே கொக்கியாக வைத்து ஒரு பள்ளத்துக்குள் மூலக்கூறைப் பூட்டினார்கள். 2021 மே மாதம், அந்த வழியில் வந்த சோடோராசிப் மருந்துக்கு அனுமதி.

ஒரு திருத்தம், நிறையப் பேர் குழப்புகிறார்கள். 1982-ல் கண்டது ஹெச்-ராஸ், கிளைசீன் வேலின் ஆனது. மருந்து வந்தது கே-ராஸுக்கு, அதிலும் சிஸ்டீன் ஆனதற்கு மட்டும். அந்த முதல் நோயாளி இன்றைக்கு வந்தாலும் சோடோராசிப் அவருக்கு வேலை செய்யாது. கணையப் புற்றில் சுமார் 90 சதவீதம் கே-ராஸ் பிறழ்வுதான், ஆனால் சிஸ்டீன் வகை அங்கே அபூர்வம். நுரையீரல் புற்றிலும் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் நோய் முற்றாமல் தள்ளிப்போனது 5.6 மாதம், டோசிடாக்சலில் 4.5 மாதம். மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. வாசல் திறந்தது பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு யாரும் நோயாளி வீட்டில் போய் ஆசை காட்டாதீர்கள்.

செப்டம்பர் 9

திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பற்றி மூச்சே விடவில்லையே என்று ஒருவர் குத்துகிறார். சொல்கிறேன். மிர்-31 என்ற சின்ன ஆர்என்ஏ மார்பகப் புற்றின் பரவலைத் தடுக்கிறது என்று 2009-ல் செல் இதழில் அவர் லேபிலிருந்து வந்த கட்டுரை 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் லேபில் ஆள் பெருகப் பெருக, தலைவர் கண்ணில் படுவது படங்கள் மட்டும்தான், தட்டுகள் இல்லை. இது இந்த ஒரு லேபின் கதை மட்டுமா? 2012-ல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் இருந்தவர்கள், மைல்கல் என்று பேர் வாங்கிய 53 புற்றுநோய் ஆய்வுகளைத் திருப்பிச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறியதாக எழுதினார்கள்.

செப்டம்பர் 9, இன்னும் ஒன்று

யானைக்குச் சறுக்குவது அபூர்வம்தான். மனிதனின் மரபணுத்தொகுதியில் பி53 ஒன்று, யானையில் இருபதாவது இருக்கும். 2015-ல் வந்த கண்டுபிடிப்பு. அவ்வளவு பெரிய உடம்பில் புற்று குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பழமொழியை மாற்றச் சொல்லி யாரும் மனு போட வேண்டாம்.

செப்டம்பர் 18

ஆர்பியை நினைவுபடுத்தியவருக்கு நன்றி. முதல் கேள்விக்கு என்னிடம் உள்ள சரியான பதில் ஹெர்-2 அல்ல, இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ரெட்டினோபிளாஸ்டோமா. சின்னக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்று. ஃபோட்டோ எடுக்கும்போது ஒரு கண் சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாக மின்னும், பல வீடுகளில் முதல் சந்தேகமே அப்படித்தான் வருகிறது. 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் விவரத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு, ரெண்டு அடி, அதாவது ரெண்டு பிறழ்வு, விழுந்தால்தான் இந்த நோய் வரும், குடும்பவழிக் குழந்தைக்கு முதல் அடி பிறவியிலேயே விழுந்திருக்கிறது என்றார். மரபணுவை யாரும் பார்த்ததில்லை, வெறும் கணக்கு. தாடியஸ் டிரைஜா என்ற கண் மருத்துவர் 13-வது குரோமோசோமில் காணாமல்போன துண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். கட்டி மாதிரிகள் அவரிடம் இருந்தன. மரபணுவைப் பிடிக்கிற கை வைன்பெர்க் லேபில் இருந்தது. அங்கே ஸ்டீபன் ஃப்ரெண்ட் அதை, அதாவது ஆர்பியை, பிடித்தார். 1986, நேச்சர். புற்றைத் தடுக்கிற மரபணுவில் முதலில் கைக்குக் கிடைத்தது இதுதான்.

இந்தக் கண் நோய்க்கு இதிலிருந்து மருந்து எதுவும் வரவில்லை. பிறகு என்ன லாபம்? ஒரு குழந்தைக்கு இந்த நோய் வந்தால், அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கிற குழந்தையை முன்பெல்லாம் வாரக்கணக்கு, மாதக்கணக்கு வைத்து மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைச் சோதிப்பார்கள், வருஷக்கணக்கில். இப்போது மூத்த குழந்தையின் பிறழ்வு எது என்று தெரிந்துவிட்டால், தம்பி தங்கைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இல்லை என்று வந்தால் மயக்க மருந்தும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். இருக்கிறது என்றால் பிறந்த வாரத்திலிருந்தே பார்த்து, கட்டி பொடியாக இருக்கும்போதே லேசரில் சுடலாம், பல நேரம் கண்ணே பிழைக்கும். அந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 1986 கட்டுரையை யாரும் அடிக்குறிப்பாகப் போடுவதில்லை. எந்த இன்டெக்ஸிலும் அது ஏறாது.

செப்டம்பர் 20

ஒரு தாய் தனிச்செய்தியில் கேட்டதைப் பெயரில்லாமல் இங்கே பொதுவாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ஒரு கண்ணில் மட்டும் வந்த குழந்தைக்கு ரத்தத்தில் பிறழ்வு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்த குழந்தைக்கு ஆபத்தே இல்லையா? அப்படி மூடி முத்திரை குத்த முடியாது. ரத்தத்தை மட்டும் பார்க்கிற சோதனை சில பிறழ்வுகளைத் தவறவிடலாம். சிலருக்கு உடம்பின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் பிறழ்வு இருக்கும், ரத்தத்தில் அது மிகக் குறைவாக இருந்தால் சோதனைக்குத் தட்டுப்படாமல் போகலாம்; ஆனால் அந்த வகையில் ஆபத்து தம்பி தங்கைக்கு அல்ல, அந்தக் குழந்தைக்கும் பின்னாளில் அதன் பிள்ளைகளுக்கும்தான். அதனால்தான் கட்டியின் மாதிரி கிடைத்தால் முதலில் அதில் ரெண்டு பிறழ்வையும் கண்டுபிடித்து, பிறகு அவற்றைக் குறிவைத்து ரத்தத்தில் தேடுவார்கள். அறுவை நடந்திருந்தால் மாதிரி சேமிப்பில் இருக்கிறதா என்று அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். மரபியல் ஆலோசகரிடம் போகும்போது பழைய திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.